பழைய சிடி, செலினியம் படலம், சாம்பல் புள்ளிகள்: கண்ணாடி எப்போது படிகமாகிறது?

கேள்வி. ஏப்ரல் 11

பரணிலிருந்து ஒரு டப்பா சிடி இறக்கினேன். 2003, 2004-இல் நானே எழுதியவை. பாதிக்கு மேல் படிக்க மறுக்கின்றன. தேடிப் பார்த்ததில், அழித்து எழுதும் வட்டுக்குள் இருப்பது சால்கோஜெனைடு (கந்தகம், செலினியம், டெல்லூரியம் இவற்றில் ஒன்று சேர்ந்த பொருள்) என்ற ஒருவகைக் கண்ணாடிப் படலம் என்றும், அது படிகமாகிவிட்டால் தகவல் போய்விடும் என்றும் போட்டிருந்தார்கள். கண்ணாடி என்பதே மிக மெதுவாக ஓடும் திரவம்தானே? இருபது வருடத்தில் கொஞ்சம் ஓடி, அப்படியே படிகமாகி, என் கல்யாண போட்டோ எல்லாம் போயிற்று. சரியா? அப்படியானால் அந்தக் கண்ணாடியின் பாகுத்தன்மை தெரிந்தால் போதுமே, எந்த வட்டு எத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிடலாமே?

ஏப்ரல் 11, இரவு

மூன்று தனித்தனி சமாசாரங்களை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அந்த "ஓடும் கண்ணாடி". ஐரோப்பியத் தேவாலயங்களின் பழைய சன்னல் கண்ணாடி அடியில் தடித்திருப்பதைக் காட்டி, நூற்றாண்டுகளில் வழிந்து இறங்கிவிட்டது என்று பள்ளியில் எனக்கும் சொன்னார்கள். 1998-இல் பிரேசில் நாட்டுக் கண்ணாடி ஆய்வாளர் சனோட்டோ இதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அறை வெப்பத்தில் அது கண்ணுக்குத் தெரிகிற அளவு வழிய அண்டத்தின் வயதும் போதாது. அந்தக் காலத்தில் கண்ணாடித் தகடுகளை ஒரே தடிமனாகச் செய்யத் தெரியவில்லை. தடித்த பக்கத்தைக் கீழே வைத்துப் பொருத்தினார்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, வட்டு. கண்ணாடி படிகமானால் வட்டு கெட்டுவிடும் என்று நீங்கள் நினைப்பது பாதி சரி. படிகத்தில் அணுக்கள் வரிசையாக அடுக்கியிருக்கும், கண்ணாடியில் தாறுமாறாக. அழித்து எழுதும் வட்டில் தரை முழுக்கப் படிகம். எழுதப்பட்ட தடங்கள்தான் கண்ணாடி. லேசர் ஒரு புள்ளியை உருக்கிச் சட்டென்று விட்டுவிட்டால் அது அடுக்கு குலைந்தபடியே உறைந்துபோகும், அது ஒரு தடம். அதே இடத்தை உருகாத அளவுக்குச் சூடாக்கிக் கொஞ்சம் நேரம் கொடுத்தால் மறுபடி படிகம். அழிப்பது என்பதே படிகம் வளர்ப்பதுதான். தடங்கள் தானாகப் படிகமானால் தகவல் போகும், உண்மை. ஆனால் அந்தக் கலவைகள் விறுவிறுவென்று படிகமாக 150 டிகிரிக்கு மேல் வேண்டும். உங்கள் பரண் எவ்வளவு சூடு?

மூன்றாவது, பாகுத்தன்மைக் கணக்கு. அதில் நானே ஒருமுறை விழுந்து எழுந்திருக்கிறேன். பிறகு எழுதுகிறேன்.

வட்டின் அடிப்பக்கம் என்ன நிறம்?

ஏப்ரல் 12

மேலே விட்டுப்போன ஒன்று. ஆவியாக்கியோ தெறிக்கவைத்தோ படிய வைக்கிற படலம் முதலில் முழுக்கக் கண்ணாடி நிலையில்தான் இருக்கும். தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு வட்டையும் பெரிய லேசரால் வருடி முழுப் பரப்பையும் படிகமாக்கி, அதன் பிறகுதான் டப்பாவில் போடுகிறார்கள். ஆக, கடையிலிருந்து வாங்கிய அன்றே உங்கள் வட்டு படிகமாகித்தான் வந்தது. பயப்படவேண்டாம்.

ஏப்ரல் 14

பழைய ஆட்களுக்கு நினைவிருக்கும்: 4 மடங்கு வேக ரைட்டரில் 10 மடங்கு வேக ஆர்டபிள்யூ (அழித்து எழுதும்) வட்டைப் போட்டால் எழுதாது. வேகமான வட்டு மெதுவான ரைட்டரில் ஏன் எழுதக்கூடாது என்று அப்போது நான் கடைக்காரரிடம் சண்டை போட்டேன். பாவம், அவருக்கு எப்படித் தெரியும். எனக்கே நான்கு வருடம் கழித்துத்தான் புரிந்தது.

லேசர் புள்ளி ஒரு மைக்ரான் சொச்சம். ஒற்றை வேகத்தில் வட்டு நொடிக்கு 1.2 மீட்டர் ஓடும். ஆக ஓர் இடத்தின் மேல் லேசர் நிற்பது சுமார் ஒரு மைக்ரோ நொடி. 10 மடங்கு வேகத்தில் அது 100 நானோ நொடி. அதற்குள் தடத்தின் ஓரத்திலிருந்து நடுவரை, ஏறக்குறைய 0.3 மைக்ரான், படிகம் வளர்ந்தாகவேண்டும். வகுத்துப் பாருங்கள், நொடிக்கு 3 மீட்டர். வேகவேகமாக அழிய வேண்டுமானால் படிகம் வேகவேகமாக வளரும் கலவை வேண்டும். அந்தக் கலவையை மெதுவான ரைட்டரில் போட்டால் லேசர் சாவகாசமாக நகரும், உருகின இடம் சாவகாசமாகக் குளிரும், கண்ணாடியாக உறைவதற்குள் பக்கத்துப் படிகம் வந்து விழுங்கிவிடும். தடமே பதியாது. நான் சண்டை போட்டது படிக வளர்ச்சி வேகத்தோடு.

சிடி-ஆர்டபிள்யூவில் பெரும்பாலும் வெள்ளி, இண்டியம், ஆண்டிமனி, டெல்லூரியம் நான்கும் சேர்ந்த கலவை. இதில் ஓரத்திலிருந்து உள்நோக்கி வளரும். டிவிடி-ராம் என்ற அழித்து எழுதும் டிவிடியில் வந்தது ஜெர்மானியம், ஆண்டிமனி, டெல்லூரியம், சுருக்கமாக ஜிஎஸ்டி (வரி அல்ல). மட்சுஷிதா நிறுவனத்தில் யமாடா குழு 1980-களில் உருவாக்கியது. அதில் தடத்தின் உள்ளேயே நூற்றுக்கணக்கில் கருக்கள் (படிகம் தொடங்கும் புள்ளிகள்) முளைத்துப் பொரிபோலப் பொரியும். முதல் வகையில் தடம் சிறுத்தால் வேகமாக அழியும், ஏனென்றால் ஓரத்துக்கும் நடுவுக்கும் தூரம் குறைவு. இரண்டாவது வகையில் அந்தச் சலுகை இல்லை.

ஏப்ரல் 15

கேட்டவர் நிறம் சொல்லிவிட்டார். இளம்பச்சை.

அது சிடி-ஆர், ஒரே முறை எழுதுகிற வட்டு. அதில் சால்கோஜெனைடு கிடையாது, கண்ணாடிப் படலம் கிடையாது, படிகம் கிடையாது. ஒரு கரிமச் சாயம், மேலே மெல்லிய உலோகப் பூச்சு, அதற்கு மேல் வார்னிஷ். சாயம் வெளுத்திருக்கும், அல்லது வார்னிஷ் கீறி உலோகம் கறுத்திருக்கும். ஆர்டபிள்யூ வட்டின் அடி சாம்பல் கலந்த கருநிறமாக இருக்கும்.

நான்கு நாள் எழுதியது எல்லாம் வீண் என்று சொல்லமாட்டேன். கல்யாண போட்டோவுக்கு வேறு பழைய டிரைவில் போட்டுப் பாருங்கள், சில சமயம் படிக்கும்.

ஏப்ரல் 19

சரி, பாகுத்தன்மை. வட்டு போனாலும் கேள்வி நிற்கிறது.

உருகிய திரவம் குளிரும்போது படிகத்தின் முகத்தில் இரண்டு சங்கதிகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. ஒன்று ஆசை: உருகுநிலைக்கு எவ்வளவு கீழே போகிறோமோ அவ்வளவுக்குப் படிகமாவதில் லாபம். உருகுநிலையிலேயே லாபம் சுழி, அங்கே வளர்ச்சியும் சுழி. இன்னொன்று நடமாட்டம்: குளிரக் குளிர அணுக்களுக்குக் கால் கனக்கும். ஆசை இருக்கும், நடக்க முடியாது. இரண்டையும் பெருக்கினால் வளர்ச்சி வேகம் நடுவில் எங்கோ உச்சம் தொட்டு இருபுறமும் சரியும். புதுக் கருக்கள் முளைப்பதற்கு வேறொரு உச்சம் உண்டு, அது வழக்கமாக இன்னும் குளிர்ந்த பக்கத்தில்.

சர்க்கரைப் பாகு காய்ச்சுகிறவர்களுக்கு இது கைப்பழக்கம். சூடான பாகு பூக்காது. சட்டென்று குளிரவைத்தாலும் பூக்காது, பஞ்சுமிட்டாய் அப்படித்தான்: உருகிய சர்க்கரை காற்றில் இழையாகப் பறந்து கண்ணாடியாகவே உறைந்துவிடுகிறது. மழைக்காலத்தில் அதைத் திறந்து வைத்துப் பாருங்கள். ஈரம் ஏறியதும் மூலக்கூறுகளுக்கு மறுபடி கால் முளைத்து, பிசுபிசுத்து, பிறகு நறநறவென்று சர்க்கரையாகும்.

நடமாட்டத்தை எப்படி அளப்பது? பாகுத்தன்மையை அளப்பது சுலபம். தேன் 10 பாஸ்கல்-நொடி. கண்ணாடியாக உறையும் வெப்பநிலையில் திரவத்தின் பாகுத்தன்மை 1-க்குப் பின் 12 சுழி. பாகுத்தன்மை பத்து மடங்கு ஏறினால் அணுக்களின் ஊர்தல் பத்து மடங்கு குறையும் என்பது ஸ்டோக்ஸ், ஐன்ஸ்டைன் காலத்து விதி. நீங்கள் கேட்ட கணக்கு இதுதான். சாதாரணத் திரவங்களில் பிரமாதமாக வேலை செய்யும்.

கண்ணாடியாக உறையும் இடத்தை நெருங்கும்போது விதி கழன்றுகொள்கிறது. பாகுத்தன்மை ஏறுகிற வேகத்துக்கு வளர்ச்சி குறைவதில்லை. 2008-இல் எடிகர், ஹாரோவெல், யூ மூவரும் பல பொருள்களின் தரவைச் சேர்த்துப் போட்டுக் காட்டினார்கள்: வளர்ச்சி வேகம் பாகுத்தன்மையின் ஓர் அடுக்குக்கு எதிராகப் போகிறது, அந்த அடுக்கெண் 1 அல்ல, 1-க்குக் கீழே. உதாரணத்துக்கு 0.75 என்று வையுங்கள். பாகுத்தன்மை பத்தாயிரம் மடங்கு ஏறினால் வளர்ச்சி ஆயிரம் மடங்குதான் குறையும். ஒரு சுழி தப்புகிறது. இன்னும் கீழே போனால் இரண்டு, மூன்று சுழி. நூறு வருடம் தாங்கும் என்று எழுதிக் கொடுத்தது ஐந்தாறு வாரத்தில் கைவிரிக்கும்.

எனக்கு மூன்றே வாரத்தில் விரித்தது.

ஏப்ரல் 20

2007 கோடை. ஆய்வுப் படிப்பில் இரண்டாம் வருடம். எந்த ஊர், எந்தத் துறை என்பதெல்லாம் வேண்டாம். செலினியம் என் பொருள். தூய செலினியத்தைக் குவார்ட்ஸ் குழாயில் போட்டு, காற்றை உறிஞ்சி, வாயை உருக்கி அடைத்து, உலையில் உருக்கி, ஐஸ் தண்ணீரில் போட்டால் கறுப்பாகப் பளபளவென்று கண்ணாடிக் கட்டி கிடைக்கும். ஒரு தடவை குழாய் வெடித்தது. அழுகிய முள்ளங்கி வாசம் மாடிவரை. சுவீடன் வேதியியலாளர் பெர்செலியுஸ் 1817-இல் இந்த வாசத்தை முகர்ந்துதான் இது டெல்லூரியம் என்று முதலில் ஏமாந்தாராம். புதுத் தனிமம் என்று தெரிந்த பிறகு, டெல்லூரியம் பூமியின் பெயர் என்பதால் இதற்கு நிலாவின் பெயரை வைத்தார். அந்த வாசம் பிடித்த சட்டையை நான் திரும்பப் போடவில்லை.

கட்டியில் ஒரு துண்டை வெற்றிடத்தில் ஆவியாக்கிக் கண்ணாடிச் சில்லுகளில் ஒரு மைக்ரான் கனத்துக்குப் படலம் போட்டேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் நல்ல சிவப்பு. பன்னிரண்டு சில்லு. உலர்த்திப் பாத்திரத்தில் அடுக்கி மேசையில் வைத்துவிட்டு மே மாதம் ஊருக்குப் போனேன். என் கணக்குப்படி அறை வெப்பத்தில் அது வருடக்கணக்கில் தாங்கவேண்டும். கணக்கு எப்படி வந்தது? கட்டியில் 70 முதல் 90 டிகிரி வரை வளர்ச்சியை நுண்ணோக்கியில் அளந்திருந்தேன். புத்தகத்தில் இருந்த பாகுத்தன்மையை வைத்து அங்கிருந்து கீழே நீட்டினேன். அடுக்கெண் 1.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்து மூடியைத் திறந்தால் சிவப்புப் படலத்தில் சாம்பல் புள்ளிகள். ஒவ்வொன்றும் 100 மைக்ரான் குறுக்களவு. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் நடுவிலிருந்து விரியும் ஆரங்களுடன் ஒரு செவ்வந்திப் பூ. அழகாக இருந்தது என்று இப்போது சொல்கிறேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏப்ரல் 20, சற்று நேரம் கழித்து

கணக்குப் பிரியர்களுக்கு: ஆரம் 50 மைக்ரான், மூன்று வாரம் என்பது 18 லட்சம் நொடி. நொடிக்கு 28 பிக்கோமீட்டர். ஓர் அணுவின் குறுக்களவு நகர எட்டு ஒன்பது நொடி. மேலே சொன்ன வட்டுக் கலவையில் அதே நொடியில் ஆயிரம் கோடி அணுக்கள் வரிசையில் வந்து உட்காருகின்றன. இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், படிக வளர்ச்சி.

ஏப்ரல் 22

மேலே போட்ட 28 பிக்கோமீட்டரைத் தூக்கிப் போடுங்கள். ஒருவர் சரியாகக் கேட்டார்: அறையில் அந்த மூன்று வாரமும் ஒரே வெப்பமா?

இல்லை. மேசை மேற்கு சன்னலை ஒட்டி. விடுமுறை என்பதால் ஏசி அணைத்திருந்தார்கள். பிற்பகல் வெயில் நேரே பாத்திரத்தின் மேல். செலினியம் கண்ணாடியாக உறையும் வெப்பநிலை 40-லிருந்து 45 டிகிரிக்குள். மே மாதப் பிற்பகலில், கண்ணாடி மூடிக்கு உள்ளே, படலம் அதைத் தாண்டிப் போயிருக்கும் என்பதற்குத் தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. அந்த இடத்தில் ஐந்தாறு டிகிரி ஏறினாலே வளர்ச்சி மடங்கு மடங்காக ஏறும். ஆக இரவெல்லாம் சும்மா கிடந்துவிட்டு, தினமும் மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் வளர்ந்திருக்கிறது. சராசரி வேகம் என்று ஒன்றைச் சொல்வதில் அர்த்தமே இல்லை.

இன்னொன்று. புள்ளிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. அன்றைக்கு அதை நான் கவனிக்கவே இல்லை. ஒரே அளவென்றால் எல்லாம் ஒரே நாளில் தொடங்கியவை, கருக்கள் முதல் நாளே தயாராக இருந்திருக்கின்றன. தினம் ஒன்றிரண்டாக முளைத்திருந்தால் பெரிசும் சிறிசுமாகக் கலந்திருக்கும். பல புள்ளிகள் சில்லின் ஓரத்தில், நான் இடுக்கியால் பிடித்த இடத்தில். ஐந்து புள்ளிகள் ஒரே நேர்கோட்டில், சில்லைத் துடைத்தபோது விழுந்த கீறல். வெயில் வளர்த்தது, விதைத்தது நான்.

ஏப்ரல் 25

செலினியம் இவ்வளவு சீக்கிரம் படிகமாகும் என்றால் ஜெராக்ஸ் மெஷினில் எப்படி வைத்தார்கள் என்று ஒரு கேள்வி. நல்ல கேள்வி.

செஸ்டர் கார்ல்சன் 1938 அக்டோபர் 22-ஆம் தேதி நியூயார்க்கின் அஸ்டோரியாவில் எடுத்த முதல் நகல் கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில். பிறகு கந்தகத்தின் இடத்துக்கு அதன் அண்ணன் செலினியம் வந்தது. 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914-இன் உருளை கண்ணாடி நிலைச் செலினியம். அதில் ஒரு புள்ளி படிகமானால் போச்சு. கண்ணாடிச் செலினியம் இருட்டில் மின்னேற்றத்தைப் பிடித்து வைத்திருக்கும், படிகம் கசியவிடும். எடுக்கிற ஒவ்வொரு நகலிலும் அந்த இடத்தில் ஒரு பொட்டு. சூடான மெஷின், உருளைக்குப் பக்கத்திலேயே மையை உருக்கும் அடுப்பு. தூய செலினியம் தாங்காது.

வைத்தியம் அரை சதவிகிதம் ஆர்சனிக். செலினியம் அணுவுக்கு இரண்டு கை, கைக்கு ஒருவராக இருபுறமும் கோத்து நிற்கும் நீண்ட சங்கிலி. ஆர்சனிக்குக்கு மூன்று கை. சங்கிலிகளை அங்கங்கே முடிச்சுப் போட்டுவிடும், அணுக்கள் வரிசைக்கு வரத் திணறும். குலாப் ஜாமூன் பாகு பூக்காமலிருக்க எலுமிச்சை பிழிவோமே, அதுபோல.

இப்போதைய கடை மெஷின்களில் செலினியம் கிடையாது, கரிமப் பூச்சு உருளைதான். ஆனால் மார்பகப் புற்றுநோய் பார்க்கும் எக்ஸ்ரே கருவிகள் சிலவற்றில் இன்றும் ஆர்சனிக் கலந்த செலினியக் கண்ணாடிதான், 200 மைக்ரான் கனத்தில். ஆர்சனிக் போட்டதால் ஏற்படும் மின்கோளாறைச் சரிசெய்ய அதோடு லட்சத்தில் சில பங்கு குளோரின். உப்புக்குப் புளி, புளிக்கு வெல்லம் என்பதுபோல. அந்த அறையில் ஏசியை அணைக்கவே விடமாட்டார்கள்.

ஏப்ரல் 26

எலுமிச்சை உவமை தப்பு. சமையல் தெரிந்த ஒருவர் பிடித்துவிட்டார். எலுமிச்சை சர்க்கரை மூலக்கூறை இரண்டாக வெட்டுகிறது, அந்தத் துண்டுகள் நடுவில் புகுந்து வரிசையைக் கெடுக்கின்றன. ஆர்சனிக் வெட்டுவதில்லை, கட்டுகிறது. நேர் எதிர். பலன் ஒன்று என்பதால் வழியும் ஒன்று என்று எழுதிவிட்டேன். இரவு பதினொரு மணிக்கு மேல் உவமை எழுதக்கூடாது.

ஏப்ரல் 30

என் ஆய்வேட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் இரண்டே கேள்வி கேட்டார்.

முதல் கேள்வி: "நீங்கள் அளந்தது எது, கணக்குப் போட்டது எதுக்கு?" அளந்தது கட்டியில். கணக்குப் போட்டது படலத்துக்கு. இரண்டும் செலினியம்தானே என்றேன். அவர் சிரித்தார். திரவத்தை உறையவைத்த கட்டியும், ஆவி வந்து குளிர்ந்த தகட்டில் அப்பிய படலமும் ஒன்றல்ல. ஆவியில் வருவது துண்டுத் துண்டுச் சங்கிலியும் வளையமும், வந்த வேகத்தில் அப்படியே அடங்கிவிடும். ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் கண்ணாடிச் சில்லு, உள்ளே இழுவிசை. படிகமாகும்போது செலினியத்தின் அடர்த்தி 4.3-லிருந்து 4.8-க்குப் போகிறது, அந்தச் சுருக்கத்துக்குப் படலம் எங்கே இடம் கொடுக்கும் என்பதே தனிக் கணக்கு. செக் நாட்டில் பர்துபிட்சே பல்கலைக்கழகத்தில் மாலெக் குழு இதையே பல வருடமாகச் செய்கிறது: நுண்ணோக்கியில் படிகத்தின் நீளத்தை மணிக்கணக்கில் உட்கார்ந்து அளப்பது, அதே பொருளின் பாகுத்தன்மையையும் தாங்களே அளப்பது. செலினியத்தில் படலத்தின் வளர்ச்சி கட்டியைவிடப் பல மடங்கு வேகம் என்று அவர்கள் கட்டுரையைப் பிற்பாடு படித்தபோது எனக்குக் காது சுட்டது. (அந்த ஊர் இஞ்சி பிஸ்கட்டுக்கும் செம்டெக்ஸ் வெடிமருந்துக்கும் பெயர்போனது.)

இரண்டாவது கேள்வி இன்னும் மோசம். படலத்தை 80 டிகிரியில் வைத்து, ஒளி ஊடுருவல் நேரத்தோடு எப்படிக் குறைகிறது என்று அளந்து, அவ்ராமி சமன்பாட்டில் (படிகமான பங்கு நேரத்தோடு எப்படி ஏறுகிறது என்று சொல்வது) போட்டு, அடுக்கெண் 2.9 என்று எடுத்து, "ஆகவே வளர்ச்சி முப்பரிமாணத்தில் நடக்கிறது" என்று கம்பீரமாக எழுதியிருந்தேன். அவர் பக்கத்தைத் திருப்பி என் படத்தையே காட்டினார். "ஒரு மைக்ரான் கனமுள்ள படலம். நூறு மைக்ரான் புள்ளி. மூன்றாவது பரிமாணம் எங்கே இருக்கிறது?"

தோசை முப்பரிமாணத்தில் வளர்கிறது என்று எழுதியிருக்கிறேன். 3 என்ற எண் இரண்டு வழியில் வரும்: கருக்கள் முதலிலேயே தயாராக இருந்து மூன்று திசையில் வளர்ந்தால் 3. இரண்டு திசையில் மட்டும் வளர்ந்து, கூடவே புதுப்புதுக் கருக்கள் முளைத்துக்கொண்டே இருந்தாலும் 3. எண்ணைப் பார்த்துவிட்டுப் படத்தைப் பார்க்காதவன் முதலாவதைத்தான் எழுதுவான்.

இதே கோத்திரத்தில் இன்னொரு பிழையும் உண்டு. கண்ணாடியைப் பொடித்து, நிமிடத்துக்கு 10 டிகிரி என்று சூடாக்கி, எந்த வெப்பநிலையில் படிகமாகிறது என்று பார்க்கும் கருவி எல்லா ஆய்வகத்திலும் இருக்கும். நைசாக அரைத்த பொடி முன்னாலேயே படிகமாகும், கரடுமுரடான பொடி பின்னால், ஏனென்றால் பல கண்ணாடிகள் மேற்பரப்பிலிருந்துதான் தொடங்கும். நான் கல்லுரலில் ஒருநாள் அதிகம் அரைத்துவிட்டு, "புதிய கலவை" என்று இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தேன்.

அந்தக் கருவியின் எண்ணை வைத்து நானோ நொடி உலகத்துக்குக் கணக்கு நீட்டியவர்கள் ஏராளம். லேசர் ஒரு நொடிக்கு நூறு கோடி டிகிரி என்ற வீதத்தில் சூடாக்குகிறது, கருவி நிமிடத்துக்குப் பத்து. 2012-இல் கேம்பிரிட்ஜில் ஒராவா, கிரீர் குழு நொடிக்கு 40,000 டிகிரி வரை சூடாக்கும் அளவீட்டை ஜிஎஸ்டியில் செய்துகாட்டியது. வெப்பத்தோடு வேகம் ஏறுவது நேர்கோடு என்று நாமெல்லாம் நம்பியது வளைந்தது. வளர்ச்சி வேகத்தின் உச்சம் நொடிக்கு 3 மீட்டர், சுமார் 400 டிகிரியில்.

மே 3

தலைப்பை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். சால்கோஜெனைடு என்றால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று ஒருவர் சலித்துக்கொண்டார். ஆர்சனிக் சல்ஃபைடு என்பது அரிதாரம், கூத்துக்காரர்கள் முகத்தில் பூசிய அதே மஞ்சள். பொருள் மறைந்து சொல் மட்டும் ஒப்பனைக்கு நின்றுவிட்டது. அதன் சிவப்புச் சகோதரன் மனோசிலை. ஆண்டிமனி சல்ஃபைடு அஞ்சனக்கல், மையாக அரைத்தது. மூன்றும் படிகமாகவே மண்ணில் கிடைப்பவை.

அரிதாரத்தை மூடிய குழாயில் உருக்கி ஆறவிட்டால் சிவந்த, ஒளி புகும் கண்ணாடி. அது திரும்பப் படிகமாகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். என் சீனியர் ஒருவர் உலையில் வாரக்கணக்கில் வைத்துப் பார்த்து மனம் நொந்தார். அஞ்சனக்கல் நேர்மாறு, தனியாக உருக்கினால் கண்ணாடியாக நிறுத்துவதே பெரும்பாடு. ஜெர்மானியம் சல்ஃபைடைக் கலந்தால் நல்ல கண்ணாடி வரும். அதைச் சூடாக்கினால் உள்ளே அஞ்சனக்கல் ஊசி ஊசியாக வளரும். பர்துபிட்சேக்காரர்கள் இந்தக் கண்ணாடியையும் விடவில்லை.

வீட்டில் யாரும் உருக்கிப் பார்க்கவேண்டாம். ஆர்சனிக், ஞாபகம் இருக்கட்டும்.

மே 4

"படிகமானால் நல்லதா கெட்டதா, ஒரு முடிவுக்கு வாருங்கள்" என்று திட்டு. இரவு நேரக் கேமராவின் லென்சும் சால்கோஜெனைடு கண்ணாடிதான், அதில் கெட்டது. வட்டில் அழிக்கும்போது நல்லது, வைத்திருக்கும்போது கெட்டது. 2015-இல் இன்டெலும் மைக்ரானும் சேர்ந்து அறிவித்த நினைவகச் சில்லில், ஒரே அறைக்குள் ஒரு படலம் நானோ நொடிகளில் படிகமாகவேண்டும், அதோடு அடுக்கியிருக்கும் இன்னொரு சால்கோஜெனைடுப் படலம் ஆயுளுக்கும் படிகமாகக்கூடாது. இன்டெல் 2022-இல் அந்தத் தொழிலையே மூடிவிட்டது, காரணம் படிகம் அல்ல, வியாபாரம்.

மே 18

ஊருக்குப் போயிருந்தேன். 2007-இன் பன்னிரண்டு சில்லில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றி இரும்பு பீரோவில் வைத்திருந்தேன். ஏப்ரல் 22-ஆம் தேதி "எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு" என்று எழுதியது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஞாபகத்திலிருந்து எழுதியது. எடுத்து எண்ணிப் பார்க்கலாம் என்று பிரித்தேன்.

ஒரே சாம்பல். புள்ளியே இல்லை. ஒன்றோடொன்று முட்டி, இடைவெளி எல்லாம் நிரம்பி, வெளிச்சத்தில் பிடித்தால் துளிச் சிவப்பும் இல்லை. எங்கள் ஊர் பீரோவுக்குள் எத்தனை கோடை.

ஆய்வேட்டில் ஒட்டிய படம் மிச்சம். அம்மாவின் பூதக்கண்ணாடி, ஸ்கூல் அளவுகோல். படத்தில் மொத்தம் 41 புள்ளி. 38 ஒரே அளவு, அரை மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் இல்லை. மூன்று மட்டும் பாதிக்கும் குறைவு. அந்த மூன்றும் ஓரத்தில் இல்லை, கீறலிலும் இல்லை, நட்டநடுவில் தனியாக நிற்கின்றன.

ஆக ஏப்ரல் 22-இல் எழுதியது முழுக்கச் சரியல்ல. 38-ஐ விதைத்தது நான். மூன்று பின்னால் தானாக முளைத்தவை. 80 டிகிரியில் இப்படித் தானாக முளைப்பது இன்னும் அதிகமாயிருந்தால் என் 2.9-க்கும் கணக்கு சரியாக வரும். தேர்வாளரிடம் அன்றைக்கு இதைச் சொல்லியிருக்கலாம். படத்தை வைத்துக்கொண்டு எண்ணவே தோன்றவில்லை.